தங்கம் தேடிப் போனவர்களும் தங்க இடம் கொடுத்தவர்களும்

சார்லி சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' படத்தை முழுசாகப் பார்க்காதவர்கள்கூட அதில் வாற ஒரு காட்சியைக் கட்டாயம் எங்கேயாவது பார்த்திருப்பார்கள். பனிப்புயலில் ஒரு மரக்குடிலுக்குள் மாட்டிக்கொண்ட சாப்ளின், பசி தாங்காமல் தன்ர சப்பாத்தை அவித்து, தட்டில் வைத்து, அதின்ர நூலை நூடில்ஸ் மாதிரிச் சுத்திச் சுத்திச் சாப்பிடுவார். 1925இல் வந்த படம். இப்பவும் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு வரலாற்று உண்மை இருக்கிறது. வடக்கே தங்கம் தேடிப் போனவர்களுக்கு முதல் பிரச்சினை தங்கம் இல்லை. சாப்பாடும் படுக்க ஒரு இடமும்தான்.

தமிழில் 'தங்கம்' என்ற சொல்லும் 'தங்குதல்' என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கனடாவின் க்ளொண்டைக் தங்க வேட்டையை வாசிக்கேக்கை அந்தத் தற்செயல் நல்லா உதவுது. தங்கம் தேடிப் போனவர்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். தங்க இடம் கொடுத்தவர்களில் சிலர் பெரிய பணக்காரர் ஆனார்கள். அந்தச் சிலரில் இரண்டு பேரின் கதையை இஞ்ச சொல்லப் போகிறேன். ஒருவர் அயர்லாந்தில் பிறந்த பெண். மற்றவர் ஜேர்மனியில் பிறந்த ஆண். இரண்டு பேரும் குடியேறிகள். இரண்டு பேரும் அமெரிக்காவுக்கு வந்தது ஒரே ஆண்டில், 1885இல். அந்த 1885ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1896 ஒகஸ்ட் நடுப்பகுதியில், யூக்கோன் ஆற்றோடு சேருகிற க்ளொண்டைக் ஆற்றின் ஒரு சிறு கிளையில் தங்கம் கிடைத்தது. கண்டெடுத்த கூட்டத்தில் நான்கு பேர்: ஜோர்ஜ் கார்மாக் என்ற அமெரிக்கர், அவருடைய மனைவி கேட், கேட்டின் சகோதரன் ஸ்கூகம் ஜிம், அவர்களின் உறவுக்காரரான டோசன் சார்லி. கார்மாக்கைத் தவிர மற்ற எல்லாரும் அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகள். 'கண்டுபிடித்தவர்' என்ற பெயர் மட்டும் வெள்ளைக்காரரான கார்மாக்கின் பெயரில்தான் பதிவானது.

அந்தச் செய்தி வெளியுலகத்துக்கு வர ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்தது. 1897 ஜூலை 17ஆம் திகதி 'போர்ட்லண்ட்' என்ற கப்பல் தங்கத்தோடு சியாட்டில் துறைமுகத்துக்கு வந்தது. 1893இல் தொடங்கின பொருளாதார நெருக்கடியால் அமெரிக்காவில் வங்கிகளும் ரயில் கொம்பனிகளும் வரிசையாக விழுந்து, வேலை இல்லாமல் சனம் அலைந்துகொண்டிருந்த காலம் அது. கப்பலில் தங்கம் வந்திருக்கு என்று கேள்விப்பட்டதும் சனத்துக்கு விசர் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சியாட்டில் நகர மேயரே பதவியை விட்டுவிட்டு வடக்கே கிளம்பினார் என்றால் யோசிச்சுப் பாருங்கோ. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளிக்கிட்டார்கள். டோசன் நகரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது, நாற்பதாயிரம் பேர்தான்.

மற்றவர்களுக்கு என்ன நடந்தது? வழிதான் அவர்களைத் திருப்பி அனுப்பியது. அலாஸ்காக் கரையில் இறங்கி, சில்கூட் அல்லது வைட் பாஸ் என்ற கணவாயால் மலையைக் கடக்கவேணும். கனடாப் பொலிஸ் மலை உச்சியில் காவல் போட்டு, ஒரு வருடத்துக்குத் தேவையான சாப்பாடு இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. சாப்பாடும் சாமானும் சேர்த்து ஒரு ஆளுக்கு ஏறக்குறைய ஒரு தொன். அதை முதுகில் சுமந்து, பனியில் வெட்டின படிகளால் ஏறி இறக்கி, திரும்பப் போய் அடுத்த மூட்டை. ஒரு ஆள் முப்பது நாற்பது தரம் ஏறி இறங்கவேண்டி வந்தது. வைட் பாஸ் பாதையில் ஏறக்குறைய 3000 குதிரைகள் செத்தன.

பொலிஸ் ஏன் இப்பிடிக் கறாராக நின்றது என்று கேட்டால், அதுக்கும் காரணம் பசிதான். 1897 குளிர்காலத்தில் ஆற்றில் நீர் வற்றிச் சரக்குப் படகுகள் வராமல் டோசன் நகரமே பட்டினிக்குப் பக்கத்தில் போய் நின்றது. சனத்தை நகரத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். பட்டினியைத் தீர்க்க அமெரிக்க அரசு நோர்வேயில் இருந்து 500க்கும் மேற்பட்ட ரெயின்டியர் மான்களை வாங்கி அனுப்பியது. பெரும்பாலானவை வழியிலேயே தீனி இல்லாமல் செத்தன. மிச்சம் அலாஸ்காவில் வந்து சேர்ந்தபோது 1899 ஆகிவிட்டது!

இவ்வளவு கஷ்டப்பட்டு 1898 கோடையில் டோசனுக்கு வந்தவர்களுக்கு இன்னொரு அடி காத்திருந்தது. நல்ல ஓடைகள் எல்லாம் ஏற்கனவே பங்கு பிரிக்கப்பட்டு முடிந்திருந்தன. கப்பல் சியாட்டிலுக்கு வாறதுக்கு முதலே, யூக்கோனில் ஏற்கனவே இருந்தவர்கள் வந்து முளை அடித்துவிட்டார்கள். புதிதாக வந்தவனுக்கு இருந்த வழி மூன்று: மற்றவனின் நிலத்தில் கூலிக்குத் தோண்டலாம், சாமானை வித்துப்போட்டு ஊருக்குத் திரும்பலாம், இல்லாட்டி தோண்டுறவனுக்கு எதையாவது விற்கலாம்.

இந்த மூன்றாவது வழியைத்தான் நாங்கள் பார்க்கப் போகிறோம்.

பெலிண்டா மல்ரூனி 1872இல் அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதியில் பிறந்தவர். தாய் தகப்பன் அமெரிக்காவுக்குப் போய்விட, பேத்தி பேரன் வீட்டில் வளர்ந்தார். பதின்மூன்று வயதில், 1885இல், பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த தகப்பனிடம் வந்து சேர்ந்தார். அந்தச் சுரங்க ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை. சிக்காகோவில் 1893 உலகக் கண்காட்சி நடந்தபோது சாண்ட்விச் விற்றார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஐஸ்கிறீம் கடை, அது எரிந்துபோனது. பிறகு அலாஸ்காவுக்குப் போகிற கப்பலில் வேலை.

1897இல் சில்கூட் கணவாயைக் கடந்து டோசனுக்குப் போகேக்கை அவர் கொண்டுபோன சாமானைப் பாருங்கோ. மண்வெட்டி இல்லை, தங்கம் அரிக்கிற தட்டு இல்லை. துணி, பட்டு, சுடுதண்ணி ஊத்தி அணைச்சுக்கொண்டு படுக்கிற றப்பர்ப் பைகள். எல்லாரும் மண்ணைப் பற்றி யோசிக்கேக்கை மனுசருக்குக் குளிரும் என்று யோசித்த ஆள். வாங்கின விலையின் பல மடங்குக்கு எல்லாம் விற்றுப்போனது.

அந்தக் காசில் முதலில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். அதுக்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் முக்கியமானது. டோசனில் எல்லாரும் கடை போட்டுக்கொண்டிருக்க, அவர் நகரத்தை விட்டு இருபது கிலோமீற்றருக்கு மேல் உள்ளே போய், பொனான்சா, எல்டொராடோ என்ற இரண்டு தங்க ஓடைகளும் சேருகிற சந்தியில் ஒரு மாடி வைத்த மரவிடுதி கட்டினார். சனம் நகரத்திலதானே இருக்குது, காட்டுக்குள் ஆர் வரப்போகினம்? வந்தார்கள். தோண்டுகிறவர்கள் எல்லாரும் அந்தச் சந்தியைச் சுற்றித்தான் இருந்தார்கள். சாப்பாடு, படுக்கை, குடி, கடிதம், ஊர்க்கதை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். விடுதியைச் சுற்றி கிராண்ட் ஃபோர்க்ஸ் என்று ஒரு ஊரே முளைத்தது.

அங்கே காசுக்குப் பதில் தங்கத்தூள்தான் ஓடியது. சாப்பிட்டவன் தோல்பையை அவிழ்த்து, தராசில் தூளைக் கொட்டி நிறுத்துக் கொடுப்பான். கொட்டும்போது கொஞ்சம் நிலத்தில் சிந்தும். சப்பாத்தில் ஒட்டின மண்ணிலும் கொஞ்சம் இருக்கும். மல்ரூனி தன்ர விடுதியின் கூட்டுக் குப்பையையும் கழுவி அரித்துத் தங்கம் எடுத்தார் என்று சொல்வார்கள். சிந்தின தூளைவிடப் பெறுமதியானது இன்னொன்று: மேசையில் நடக்கிற கதை. எந்த ஓடையில் எவனுக்கு என்ன கிடைத்தது, எவன் பங்கை விற்கப் பார்க்கிறான் என்ற செய்தி முதலில் வந்து சேர்ந்த இடம் விடுதி மேசைதான். அதைக் கேட்டுக் கேட்டே அவர் பல சுரங்கங்களில் பங்கு வாங்கினார்.

1898 ஜூலை 27ஆம் திகதி டோசன் நகரத்திலேயே 'ஃபேர்வியூ' என்ற மூன்று மாடி ஹோட்டலைத் திறந்தார். மின்சார விளக்கு, நீராவிச் சூடாக்கி, குளியலறை எல்லாம் இருந்தன. அறைகளுக்கு இடையில் சுவர் மட்டும் இல்லை! கன்வஸ் துணியை இழுத்துக் கட்டி, அதுக்கு மேல் வண்ணக் கடதாசி ஒட்டியிருந்தார்கள். ஒரு அறையில் குசுகுசுத்தால் மற்ற அறைக்கெல்லாம் கேட்கும். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

இனி மற்ற ஆள். ஃப்ரெட்ரிக் ட்ரம்ப். ஓம், அந்த ட்ரம்ப்தான். இப்ப இருக்கிற அமெரிக்க ஜனாதிபதியின் அப்பாவின் அப்பா. 1869இல் அப்போதைய பவேரிய அரசின் கீழ் இருந்த கால்ஷ்டாட் என்ற திராட்சைத்தோட்டக் கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் சின்ன வயதிலேயே செத்துப்போனார். முடிவெட்டப் பழகினார். ஊரில் பிழைக்க வழி இல்லை. 1885 ஒக்டோபரில், பதினாறு வயதில், நியூயோர்க்கில் வந்து இறங்கினார்.

சில வருடம் முடி வெட்டினார். 1891இல் சியாட்டிலுக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடை நடத்தினார். 1892இல் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தார். பிறகு மொன்டே கிறிஸ்டோ என்ற சுரங்க ஊரில் அவர் செய்த வேலைதான் அவரை முழுசாகக் காட்டுது. கனிமம் எடுக்கப் போவதாகச் சொல்லி ஒரு காணிக்கு உரிமை பதிந்தார். ஆனால் அந்தக் காணியில் தோண்டாமல் ஒரு விடுதியைக் கட்டினார்.

1898இல் வைட் பாஸ் பாதைக்குப் போய், ஒரு பங்காளியோடு சேர்ந்து கூடாரம் அடித்துச் சாப்பாடு விற்றார். அந்தப் பாதையில் செத்து உறைந்த குதிரைகளின் இறைச்சியும் அங்கே சமைக்கப்பட்டிருக்கும் என்று அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதின க்வெண்டா பிளேர் சொல்கிறார். பிறகு கணவாய்க்கு அங்கால் உள்ள பெனட் என்ற ஏரிக்கரை ஊரில் 'ஆர்க்டிக்' என்ற சாப்பாட்டுக் கடையும் விடுதியும் போட்டார்கள். மலையைக் கடந்து வந்தவர்கள் எல்லாரும் அந்த ஏரிக்கரையில் நின்று மரம் வெட்டிப் படகு கட்டித்தான் டோசனுக்குப் போகவேணும். 1898 மே கடைசியில் பனி உடைந்ததும் 7000க்கும் மேற்பட்ட படகுகள் அங்கிருந்து கிளம்பின. அதுவரைக்கும் மாதக்கணக்காகக் காத்திருந்த சனத்துக்குப் பசிக்கும்தானே.

1900இல் ரயில் பாதை வைட்ஹோர்ஸ் வரைக்கும் போய்விட்டது. பெனட்டில் இனி ஆரும் இறங்கத் தேவையில்லை. ட்ரம்ப் அழவில்லை, கடையையே வைட்ஹோர்ஸுக்கு மாற்றினார். சனம் எங்கே நிற்கப்போகுது என்று பார்த்து, அதுக்கு முதல் அங்கே போய் அடுப்பு மூட்டுறது. இரண்டு பேரின் வியாபாரமும் சாராம்சத்தில் இதுதான்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம் மாதிரி முடிந்துவிடும். ஏழைப் பிள்ளைகள் கடல் கடந்து வந்தார்கள், மூளையைப் பாவித்தார்கள், உயர்ந்தார்கள். ஆனால் அந்த விடுதிகளுக்குள் கொஞ்சம் ஆழமாகப் போய்ப் பார்க்கவேணும்.

ஆர்க்டிக் விடுதி தன்ர விளம்பரத்தில் பெண்களுக்கான 'தனி அறைகள்' இருப்பதாகச் சொன்னது. 1900இல் 'யூக்கோன் சன்' பத்திரிகைக்கு ஒருவர் எழுதின கடிதம், தனி ஆண்களுக்கு அந்த விடுதி நல்லது என்று பாராட்டிவிட்டு, மரியாதையான பெண்கள் அங்கே படுக்கப் போகவேண்டாம், காதுகூசுகிற சத்தங்கள் கேட்கும் என்று எச்சரித்தது. அந்த அறைகளில் பாலியல் தொழில் நடந்தது. லாபத்தில் ஒரு பகுதி மாட்டிறைச்சியில் இருந்தும் குடியில் இருந்தும் வந்தது. இன்னொரு பகுதி பெண்களின் உடம்பில் இருந்து வந்தது. கடைக்காரரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்த அறைகளில் இருந்த பெண்களின் பெயர்கள் இல்லை. சமைத்தவர்கள், கோப்பை கழுவினவர்கள், விறகு பிளந்தவர்கள் பெயரும் அப்பிடித்தான். எங்கட சனத்துக்கு இது புதுக்கதை இல்லை. எண்பதுகளில் அகதிகளாகக் கனடாவுக்குப் போன கனபேர் ரொறொன்ரோச் சாப்பாட்டுக் கடைகளின் குசினிக்குள்தான் முதல் சம்பளம் எடுத்தார்கள். அந்தக் கடைகளின் பெயர்ப்பலகையில் அவர்கள் பெயர் இருக்கவில்லை.

இப்போது 1885க்கு வருவோம். பதின்மூன்று வயதுப் பெலிண்டாவும் பதினாறு வயது ஃப்ரெட்ரிக்கும் விசாவோ கடவுச்சீட்டோ இல்லாமல் அமெரிக்காவில் இறங்கின அதே 1885இல், கனடா ஒரு சட்டம் போட்டது. நாட்டுக்குள் வாற ஒவ்வொரு சீனருக்கும் 50 டொலர் தலைவரி. கனடாவின் குறுக்காக ரயில்பாதையைப் போடுவதற்கு ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர் தேவைப்பட்டார்கள். பாதை முடிந்த வருடமே வரி வந்தது. 1900இல் அது 100 டொலர், 1903இல் 500 டொலர். அமெரிக்கா அதுக்கு முதலே, 1882இல், சீனத் தொழிலாளர் வருவதையே தடை செய்துவிட்டது. ஆகவே 'உழைத்தால் உயரலாம்' என்ற கதை பொய் இல்லை. ஆனால் வாசலில் நின்று ஆளைப் பார்த்துக் கதவைத் திறந்த ஒரு சட்டம் அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கிறது. மல்ரூனியின் துணிவும் ட்ரம்பின் கணக்கும் கதவுக்கு உள்ளே வந்த பிறகு வேலை செய்த திறமைகள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இவர்கள் விருந்தோம்பின அந்த வீடு ஆருடையது?

க்ளொண்டைக் என்ற பெயரே 'ட்ரொண்டெக்' என்ற சொல்லை வெளியாட்கள் வாயில் போட்டுத் திரித்த வடிவம். சால்மன் மீன் பிடிக்கிற பொறிக்கு முளை அடிக்கிற சம்மட்டிக் கல்லைக் குறிக்கிற சொல் அது. ஆறு சேருகிற அந்த முனையில் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தார்கள். தங்க வேட்டைக்காரர் வந்து குவிந்ததும் அந்த மீன்பிடிக் களம் அவர்கள் கையை விட்டுப் போனது. அவர்களின் தலைவர் ஐசக், தன் சனத்தை ஆற்றோடு ஐந்து கிலோமீற்றர் கீழே உள்ள மூஸ்ஹைட் என்ற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வந்தவர்களோடு அவர் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் இது தன் சனத்தின் நிலம் என்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தச் சத்தத்தில் தங்கட பாட்டுகளும் ஆட்டங்களும் அழிந்துபோகும் என்று பயந்து, அவற்றை அலாஸ்காவில் இருந்த உறவுக்காரரிடம் பாதுகாக்கக் கொடுத்துவைத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1990களில்தான் அந்தப் பாட்டுகள் திரும்பி வரத் தொடங்கின.

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்று எங்கட ஊரில் சொல்வார்கள். இங்கே விருந்தாக வந்தவர்கள் வீட்டுக்காரர் ஆனார்கள்; வீட்டுக்காரர் ஆற்றோடு கீழே போனார்கள். டோசனில் ஒரு இரவுக்கு வாடகை வாங்கின விடுதிக்காரர்கள் எவரும் அந்த நிலத்துக்கு உரியவர்களுக்கு வாடகை கொடுக்கவில்லை.

வேட்டை அதிக நாள் நீடிக்கவில்லை. 1899இல் அலாஸ்காவின் நோம் கடற்கரை மணலிலேயே தங்கம் இருக்காம் என்று செய்தி வந்ததும் டோசன் ஆயிரக்கணக்கில் காலியானது. ட்ரம்ப், சூதாட்டத்தையும் பாலியல் தொழிலையும் பொலிஸ் அடக்கப்போகுது என்ற கதை வந்ததும் 1901இல் தன் பங்கை விட்டுவிட்டு, காசோடு ஊருக்குத் திரும்பினார். 80,000 மார்க்கைக் கிராமத்துக் கருவூலத்தில் போட்டார். கலியாணம் முடித்து நியூயோர்க்குக்குப் போனார். மனைவிக்கு ஊர் ஏக்கம் தாங்கவில்லை. 1904இல் நிரந்தரமாக இருக்கத் திரும்பி வந்தார்கள். அப்போதுதான் பவேரிய அதிகாரிகள் பழைய கணக்கைத் திறந்தார்கள்: பதினாறு வயதில் அறிவிக்காமல் வெளியேறினவர், இராணுவச் சேவையைத் தவிர்த்தவர், ஆகவே குடியுரிமை இல்லை. 1905 மே 1ஆம் திகதிக்குள் நாட்டை விட்டுப் போகவேணும் என்று கட்டளை வந்தது. ஆட்சியாளர் இளவரசர் லூயிட்போல்டுக்கு மன்றாடிக் கடிதம் எழுதினார். பலன் இல்லை. கர்ப்பிணி மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நியூயோர்க்குக்கே திரும்பினார். பிறந்த மண்ணில் இருந்து நாடு கடத்தப்பட்ட ஒருவரின் பேரன், குடியேறிகளை நாடு கடத்துவேன் என்று பேசி ஆட்சிக்கு வந்தார். இதுக்கு மேல் நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை.

மல்ரூனி 1900இல் சார்ள்ஸ் கார்பனோ என்பவரை மணந்தார். பிரபு என்று சொல்லிக்கொண்டு ஷாம்பேன் விற்ற ஆள். அந்தக் கலியாணம் சில வருடங்களில் முறிந்தது. பிறகு அலாஸ்காவில் வங்கி நடத்தினார், வொஷிங்டன் மாநிலத்தில் கோட்டை மாதிரி ஒரு வீடு கட்டினார், காசு கரைந்தது. 1967இல், தொண்ணூற்றைந்து வயதில், சியாட்டிலில் காலமானார்.

வைட்ஹோர்ஸில் இருந்த ஆர்க்டிக் விடுதி 1905 தீயில் எரிந்தது. கிராண்ட் ஃபோர்க்ஸ் நின்ற நிலத்தைப் பிறகு வந்த தங்கம் வாரும் இயந்திரங்கள் புரட்டிப் போட்டன. ஊர் நின்ற அடையாளம் இல்லை. ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். 2023இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலக மரபுரிமையாக அறிவித்தபோது, 'ட்ரொண்டெக்' என்ற அவர்களின் சொல் 'க்ளொண்டைக்' என்ற திரிபுக்கு முன்னால் வந்து நின்றது.

எங்கட பாடப்புத்தகங்களில் தங்க வேட்டை என்றால் மண்வெட்டியோடு நிற்கிற தாடிக்கார ஆண்தான். அவனுக்குப் பின்னால் ஒரு சமையலறை இருந்தது, அந்தச் சமையலறைக்குக் கீழே ஒரு நிலம் இருந்தது. வெறுங்கையோடு வந்து உழைச்சு முன்னேறின தாத்தா கதையை இனி ஆராவது சொன்னால் பேசாமல் தலையாட்டாதேங்கோ. மூண்டு கேள்வி கேளுங்கோ. அந்த வீட்டில ஆர் சமைச்சது? அந்த நிலம் ஆரிட்ட இருந்தது? அவருக்குத் திறந்த கதவு அதே நாளில ஆருக்குப் பூட்டியிருந்தது?